கயிற்றின் முன்முனையில் இருப்பவர்



சென்ற வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்து நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஏரித் தண்ணீரின் மேல் ஒரு பலகையில் நின்றபடி, படகு இழுக்கச் சிரித்துக்கொண்டே வருகிறாளே, அவள் என் பேத்தி. வயது 12. "சார், பேத்தி கலக்குறா" என்று மாணவர்களும், "பயமா இல்லையா சித்தப்பா?" என்று ஊரிலிருந்து உறவுகளும் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி. அவளிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில், படகுக்குள், ஒரு தொப்பி மட்டும் தெரியும். அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று அவரைப் பற்றியும், அவர் செய்யும் வேலையைப் பற்றியும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 45 நிமிடப் பாடவேளையைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் இப்போது மகள் வீட்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே வண்டிகளின் நம்பர் பலகையிலேயே "10,000 ஏரிகள்" என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு அருகில் மினடோங்கா என்ற பெரிய ஏரி. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் தண்ணீர், கோடை வந்ததும் படகுகளால் நிறைந்துவிடும்.

பேத்தி ஆடும் விளையாட்டுக்கு வேக்போர்டிங் என்று பெயர். ஒரே பலகை. அதில் இரண்டு பாதங்களையும் காலணி போன்ற பட்டைகளில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி நிற்க வேண்டும். படகில் உயரமாக ஒரு கம்பிச் சட்டம் இருக்கும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். படகு போகும்போது பின்னால் இரண்டு பக்கமும் அலை விரியும் அல்லவா? தேறியவர்கள் அந்த அலையின் மேல் ஏறி, ஆள் உயரத்துக்கும் மேலே தாவுகிறார்கள். என் பேத்தி இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. நிற்கிறாள், அலையை ஒருமுறை கடக்கிறாள். எங்களுக்கு அதுவே போதும்.

இதற்கு மூத்த விளையாட்டான தண்ணீர்ச் சறுக்கு பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். மிசிசிப்பி ஆறு அகன்று ஏரிபோல விரியும் ஓரிடம் உண்டு. பெயர் பெப்பின் ஏரி. அதன் கரையில் லேக் சிட்டி என்ற சிற்றூர். 1922-ல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர், பனியில் சறுக்க முடிந்தால் தண்ணீரில் ஏன் முடியாது என்று யோசித்தார். முதலில் பீப்பாய்ப் பலகையைக் கட்டிக்கொண்டு முயன்றார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகையில் முயன்றார், அதிலும் மூழ்கினார். பிறகு எட்டடி நீளப் பைன் பலகைகளை வாங்கி, நுனியைக் கொதிநீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்தார். ஜூலை 2-ஆம் தேதி, 19 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, உடலைப் பின்னுக்குச் சாய்த்துப் பலகை நுனியைத் தூக்கிப் பிடித்தபோது தண்ணீர் அவரைத் தாங்கியது.

ரால்ஃபின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அவர் மூழ்கிய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, மறுபடியும் கயிற்றைக் கொடுத்து, மறுபடியும் இழுத்தது அவருடைய அண்ணன் பென். படகை ஓட்டியவர். அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கொஞ்சம் பாடத்துக்கு வருவோம்.

பலகை தண்ணீரில் மிதப்பதால் ஆள் நிற்கவில்லை. அசையாமல் ஏறி நின்றால் மூழ்கிவிடும். சாய்ந்த பலகை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தத் தாங்கும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அது 100 என்றால், அதே சாய்வில் 26 கிலோமீட்டரில் 75 ஆகிவிடும். 34 கிலோமீட்டரில் 128. வேகம் நாலு கிலோமீட்டர் குறைந்தால் கால் பங்கு பிடிமானம் போய்விடுகிறது. காரில் 30-லிருந்து 26-க்கு இறங்கினால் நாம் கவனிக்கக்கூட மாட்டோம். பலகையில் நிற்பவருக்கு அது காலடியில் தரை இறங்குவது போல.

அலையும் வேகத்தைப் பொறுத்ததே. வேகம் குறைந்தால் அலையின் உச்சி நுரைத்துச் சரியும். வேகம் கூடினால் அலை தாழ்ந்து இறுகும். ஒருவர் அலையை நோக்கி வரும்போது இருந்த வடிவம், அவர் வந்து சேரும்போதும் இருந்தால்தான் தாவ முடியும். தொடங்குபவர்களை மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள். தேறியவர்களுக்கு 35-க்கு மேல். எந்த எண்ணாக இருந்தாலும் அது மாறாமல் இருக்க வேண்டும்.

"சார், த்ராட்டிலை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் வேகம் மாறாமல் இருக்குமே?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. இருக்காது.

ஒரு கணக்குப் போடுவோம். படகு, ஆட்கள், பெட்ரோல், அலை பெரிதாக வருவதற்காகப் பைகளில் நிரப்பும் தண்ணீர் எல்லாம் சேர்த்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெரிய ஆள் ஒருவர் பலகையின் விளிம்பை அழுத்தி ஒதுங்கும்போது, கயிறு வழியாகப் படகைக் கூடுதலாக 500 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கிறார் என்போம். 500-ஐ 2,500-ஆல் வகுத்தால் 0.2. மூன்று விநாடி அப்படி இழுத்தால் படகின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர், அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் குறையும். அவர் தாவி மேலே போன கணத்தில் இழுப்பு நின்றுவிடும், படகு மறுபடி வேகமெடுக்கும். நெம்புகோல் அசையவே இல்லை. வேகம் மட்டும் இறங்கி ஏறுகிறது.

இதோடு காற்று, வளைவு, மற்ற படகுகளின் அலை, பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு மாறி உட்காரும் ஒரு நண்பர், எல்லாமே வேகத்தை மாற்றும். படகின் இயல்பு ஒன்றும் உண்டு. மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைக் கிழித்துப் போகிறது. வேகம் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறும். பிறகு தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். திணறும்போது கொடுத்த விசையை, ஏறிய பிறகும் குறைக்காமல் வைத்திருந்தால் படகு சீறிப் பாயும். வேக்போர்டிங்குக்கு வேண்டிய வேகம் இந்த மாற்றம் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் சிறு விசை மாற்றத்துக்கும் வேகம் அதிகமாக அசையும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படகு பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. அந்தத் தொப்பிக்காரர் அவர்தான். பல கோடைகளாக இந்த ஏரியில் பிள்ளைகளை இழுத்துப் பழகியவர். முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையை ஓட்டச் சொன்னார். பேத்தி தண்ணீரில். நான் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்து, அவள் விழுந்தால் சொல்லும் வேலை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படி ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆறு முறை எழுந்தாள், ஆறு முறையும் விழுந்தாள். சில சமயம் பின்பக்கமாக அமிழ்ந்தாள். சில சமயம் கைகள் முன்னே பிடுங்கப்பட்டு முகம் குப்புற. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள், ஆனாலும் அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை இல்லை. பலகையின் விளிம்பு எதிர்பாராமல் தண்ணீரில் குத்திக்கொண்டால் தலை போய் அறையும். நன்கு தேறியவர்களுக்கே அதில் மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது.

ஆறாவது முறை படகில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு பேலன்ஸே இல்ல தாத்தா. நான் இதுக்கு லாயக்கில்ல" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் வகுப்பறையில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! "எனக்குக் கணக்கே வராது சார்." "என் மண்டையில ஏறாது சார்."

மாப்பிள்ளை கவனமில்லாமல் ஓட்டவில்லை. மிகுந்த கவனத்தோடு ஓட்டினார். அதுதான் சிக்கல். கண் முழுக்க வேகமானியின் மேல். முள் இறங்கியதும் பதறி த்ராட்டிலைத் தள்ளுவார். இரண்டு டன் படகு உடனே கேட்குமா? கேட்காது. இன்னும் தள்ளுவார். இப்போது இரண்டு தள்ளலுக்கும் சேர்த்துப் படகு பாயும். பயந்து இழுப்பார். படகு தளரும், கயிறு தொய்யும், பேத்தி அமிழ்வாள். கிலோமீட்டர் கணக்கில் சொன்னால் முள் 26-க்கும் 34-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடியது. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 75, 128, 75, 128. அந்தக் குழந்தையின் காலுக்கு அடியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அவளோ தன் பேலன்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. "நான் ஒரு சுற்று ஓட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஓட்டியதைக் கவனித்துப் பார்த்தேன். முதலில், கயிறு தொய்வில்லாமல் நேராகும் வரை படகை ஊரவிட்டார். அவள் தயார் என்று சொன்ன பிறகே விசை கொடுத்தார், அதையும் வெடுக்கென்று கொடுக்காமல் தயிர்ப் பானையை நகர்த்துவது போல. அவள் தண்ணீரிலிருந்து எழுந்த அந்தக் கணத்தில் கையைச் சற்றுத் தளர்த்தினார். காரணம் புரிகிறதா? ஆள் தண்ணீருக்குள் இருக்கும்வரை இழுவை அதிகம். எழுந்ததும் பாரம் சட்டென்று குறையும். அப்போது விசையைக் குறைக்காவிட்டால் படகு பிய்த்துக்கொண்டு போகும்.

அதன் பிறகு அவர் கண் வேகமானியில் இல்லை. முன்னால் தண்ணீரைப் பார்த்தார், நடுநடுவே கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். வளைவு வருவதற்கு முன்பே ஒரு இழை கூட்டினார். அவள் ஒதுங்கத் தோளைச் சாய்த்தபோது, கயிறு இறுகும் முன்பே இன்னொரு இழை. கை நகர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. தூரத்தில் இன்னொரு படகின் அலை வந்தபோது சுற்றிப் போனார். அவள் ஒருமுறை விழுந்தாள். உடனே வளைத்துத் திருப்பாமல், முதலில் வேகத்தைக் குறைத்து, வந்த பாதையிலேயே மெதுவாகத் திரும்பினார். அவசரமாக வட்டமடித்தால் படகின் சொந்த அலையே ஏரியைக் கலக்கிவிடும், அடுத்த முறை குழந்தை கலங்கிய தண்ணீரில் எழ வேண்டியிருக்கும் என்றார்.

அடுத்த முறை அவள் எழுந்து, ஏரியின் அந்தக் கோடி வரை நின்றபடியே வந்தாள். நீங்கள் பார்த்த சிரிப்பு அப்போது சிரித்தது. அரை மணி நேரத்தில் அவளுக்கு எந்தப் புதிய பேலன்ஸும் வந்துவிடவில்லை. அவள் அதே பெண்தான், பலகையும் கயிறும் அதேதான்.

மாப்பிள்ளை செய்ததற்கு இன்ஜினியரிங்கில் ஹன்டிங் என்று பெயர். திருத்தம் தாமதமாகவும் அளவுக்கு மீறியும் வரும்போது, சரியான புள்ளியைத் தாண்டித் தாண்டி இயந்திரம் ஊசலாடும். நம் ஊரில் கிணற்றுமேட்டில் ஆயில் இன்ஜின் ஓடுமே, நினைவிருக்கிறதா? பாரம் கூடியதும் சத்தம் கனத்து, தானாகவே எண்ணெய் கூடும். அந்த வேலையைச் செய்வது கவர்னர் என்ற சிறு பாகம். 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினில் சுழலும் இரண்டு உருண்டைகளை வைத்து அமைத்தாரே, அந்தக் குடும்பம்தான். வேகம் கூடினால் உருண்டைகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் இறங்கி நீராவியைக் கூட்டும். சில இன்ஜின்களில் இந்தக் கவர்னரே ஊசலாட்டத்தைக் கிளப்பிவிட்டது. எந்த நிலையில் அது அடங்கும், எந்த நிலையில் பெருகும் என்று 1868-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் மாக்ஸ்வெல். ஆம், மின்காந்தப் பாடத்தில் உங்களைப் படுத்திய அதே மாக்ஸ்வெல்தான்.

இப்போது படகுகளிலும் எலக்ட்ரானிக் கவர்னர் வந்துவிட்டது. 1990-களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த பெர்ஃபெக்ட் பாஸ் என்ற கருவி இந்த விளையாட்டில் பலருக்கும் தெரிந்த பெயர். ஒரு வகை இன்ஜின் சுற்றை மாறாமல் வைக்கும். ஒரு வகை தண்ணீரில் சுழலும் சிறு சக்கரத்தால் வேகத்தை அளக்கும். இப்போதெல்லாம் ஜி.பி.எஸ். தண்ணீர்ச் சறுக்குப் போட்டிகளில் இந்தத் துல்லியம் கட்டாயம். அங்கே பாதை 259 மீட்டர். மணிக்கு 58 கிலோமீட்டர் என்றால் அதைக் கடக்க 16.08 விநாடி. முன்பு ஓட்டுநரின் கையையும் ஸ்டாப்வாட்ச்சையும் நம்பியே அதைச் சாதித்தார்கள்.

பெரியவரின் படகிலும் அந்தக் கருவி இருக்கிறது. முதல் நாள் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தாராம். "கை பழகிய பிறகு போடலாம். இது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளாது" என்றார். எந்த எண் என்று முடிவு செய்ய வேண்டியவர் ஓட்டுநர்தான். அவள் களைத்துவிட்டாள், உதடு நீலம் பாய்கிறது, இன்றைக்குப் போதும் என்பதும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இப்போது மாப்பிள்ளையும் நன்றாக ஓட்டுகிறார். கருவி இல்லாமலேயே.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? உங்களில் பலர் இன்று கயிற்றின் முன்முனையில் இருக்கிறீர்கள். ஆசிரியர்களாக, அப்பா அம்மாவாக, அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளராக. ஜூன் முதல் டிசம்பர் வரை மெதுவாகப் பாடம் நடத்திவிட்டு, ஜனவரியில் நாளுக்கு இரண்டு தேர்வு வைப்பது ஹன்டிங். மூன்று மாதம் பிள்ளையின் நோட்டைத் திறந்தே பார்க்காமல், மார்க் வந்த அன்று மூன்று டியூஷனில் சேர்ப்பதும் அதுவே. பின்னால் வருபவர் விழுந்ததும் "நீ சரியாக நிற்கவில்லை" என்பது எளிது. அவரும் அதை நம்பிவிடுவார். பேத்தி நம்பியதுபோல. தப்பு எப்போதும் ஓட்டுநருடையது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் விழுந்தால் முதலில் நம் கையைப் பார்த்துவிட்டு, பிறகு அவர் காலைப் பார்ப்போம் என்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே வேகம் என்றும் பொருளில்லை. பேத்திக்கு 30, அவளுடைய கல்லூரி படிக்கும் தோழிக்கு 36. ஆளுக்கு ஏற்ற எண்ணை அவரிடமே கேட்டு வைக்க வேண்டும். வைத்த பிறகு, அவர் நம்பி நிற்கும்படி அதைக் காக்க வேண்டும்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு.

ரால்ஃப் சறுக்கிய பெப்பின் ஏரி உண்மையில் ஓர் ஆறு என்று சொன்னேன். ஓர் ஆற்றில் நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்க. படகின் ஜி.பி.எஸ். கருவி கரையைப் பொறுத்து 33 கிலோமீட்டர் வேகத்தைத் துல்லியமாகக் காக்கிறது. (அ) நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போதும், நீரோட்டத்தோடு திரும்பும்போதும் பலகைக்கு அடியில் தண்ணீரின் வேகம் என்ன? (ஆ) தாங்கும் விசை எத்தனை சதவீதம் மாறும்? (இ) கருவி சரியாக வேலை செய்தும், திரும்பும்போது பேத்தி அமிழ்கிறாள். ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்?

செய்முறையோடு எழுதவும். வெறும் விடைக்குப் பாதி மதிப்பெண்தான். பேரப்பிள்ளைகளின் உதவி வாங்கலாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்